அக்காவுக்கு மாப்பிள்ளை கேட்டவர்கள்

பக்கத்து மிஷினில் உட்காரும் பெண்தான் முதலில் காட்டினாள். தி. நகரில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற ஒரு கடையில் நாங்கள் வேலை செய்கிறோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் போனை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"இன்னாடி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல? மாப்ள பாக்கறாங்களாமே?"

"யாருக்கு?"

"உனுக்குத்தான். ஊரே லைக் போட்டுக்கினு கீது. பட்டுப் புடவையில சும்மா ஷோக்கா கீற."

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன். அதில் இருந்தது என் அக்கா. கிளிப்பச்சைப் பட்டு, காதில் ஜிமிக்கி, கழுத்தில் ஆரம், தோள் வழியாக முன்னால் வந்து விழுந்த மல்லிகைப்பூ. கீழே எழுதியிருந்தது: "ஏழைக் குடும்பத்துப் பெண். வயது 26. அப்பா இல்லை. நல்ல மனசு உள்ள மணமகன் தேவை. ஜாதி மதம் தடையில்லை. விருப்பம் உள்ளவர்கள் கமெண்டில் ஹாய் சொல்லவும்." அதற்கு மேல் யாரோ ஒரு பெண்ணின் பெயர்.

ஏழை என்பதும் அப்பா இல்லை என்பதும் உண்மை. எப்படியோ குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டிருந்தார்கள். அக்கா இருபத்தாறு வயதைப் பார்க்கவே இல்லை.

"இது நானில்ல. எங்க அக்கா."

"அப்டியே உன்ன உரிச்சு வெச்ச மாதிரி கீறாங்க. எங்க கீறாங்க?"

"இல்ல. செத்துட்டாங்க."

அவள் கடைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எனக்கு ஓர் அக்கா இருந்ததே அவளுக்குத் தெரியாது. போனை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. கமெண்டுகளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஹாய், ஹாய், ஹாய். முடிவே இல்லாமல் போனது.

எனக்கு அன்று ஒரே நினைப்புதான். இதை அம்மா பார்த்துவிடக் கூடாது.

அந்தப் பட்டுப் புடவை அக்காவிடம் இருந்ததே இல்லை. அக்கா மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வருவதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும் என்று மாமா, அம்மாவுடைய தம்பி, ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அப்படித்தான். பேனர் இல்லாமல் பாடை எடுத்தால் யாருமில்லாத பிணம் என்று பேசுவார்கள். மாமா என்னிடம் நல்ல போட்டோ கேட்டார். என் போனில் அக்கா எல்லாப் படத்திலும் நைட்டியில் இருந்தாள், இல்லாவிட்டால் அவள் வேலை செய்த ஜவுளிக்கடையின் யூனிஃபார்ம் புடவையில் இருந்தாள். மாமா என் போனையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மந்தைவெளியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடைக்காரர் அதில் ஒன்றை எடுத்து, "பட்டு கட்டிடலாம், நகை போட்டுடலாம்" என்றாராம். கம்ப்யூட்டரில். கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒரு மணப்பெண்ணின் உடம்பு, மேலே அக்காவின் முகம். செத்துப்போனவர்களுக்கு எல்லாக் கடையிலும் இப்படித்தான் செய்வார்கள். கைலியில் இருக்கிற தாத்தாவுக்குக் கோட்டு போடுவார்கள்.

பேனரைப் பார்த்ததும் அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஐயோ, என் பொண்ணு கல்யாணப் பொண்ணா நிக்கறாளே!" பிறகு அம்மாவே அந்தப் படத்தைக் கேட்டு வாங்கித் தன் போனில் முன்பக்கம் வைத்துக்கொண்டது.

காரியம் முடிந்து பேனர் பிய்ந்தது. யாரோ அதைக் கழற்றி, ஒழுகுகிற கூரைமேல் மழைக்கு விரித்தார்கள். அக்காவின் முகம் வீட்டுக்குள் பார்த்தபடி இருந்தது. அப்போது எங்களில் யாருக்கும் கோபம் வரவில்லை. பேனர் என்றால் கடைசியில் அதற்குத்தான் போகும்.

மிஷின்காரி காட்டிய அன்று சாயங்காலம் மாம்பலத்தில் ரயில் பிடிக்காமல் பஸ்ஸில் மந்தைவெளி போய் அந்தக் கடையில் நின்றேன். கடைக்காரர் ஒரு வளைகாப்பு பேனரை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ணா, பச்சப் பட்டுப் போட்டோ ஒண்ணு நெட்ல போட்டீங்களா?"

"எது, நைட்டியிலருந்து பட்டுக்கு மாத்தினதா? அது நம்ம கடை ஐட்டம்மா. அத்தப் பாத்துட்டு எத்தினி பேரு வந்தாங்க தெரியுமா? உங்க வீட்டுல யாருக்கு?"

பேசிக்கொண்டே நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்துக் கத்தரியைக் கீழே வைத்தார்.

"நீ அந்தப் பொண்ணோட தங்கச்சியா?"

தலையாட்டினேன். தன் கடைப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இடது பாதியில் அக்கா நைட்டியில், தோளில் துண்டு, ஈரத் தலை. வலது பாதியில் பட்டில். "முன்பு, பின்பு" என்று எழுதி, கீழே கடையின் பெயரைப் போட்டிருந்தார். என் கண் முன்னாலேயே அழித்தார்.

"கேக்காம எப்டிணா போட்டீங்க?"

"தப்பா நெனைக்காதம்மா. ஊர் முனையில தொங்கின பேனர்தானே. போறவன் வர்றவன் எல்லாம் பாத்தான். அத்த நெட்ல போட்டா தப்புன்னு எனுக்குத் தோணவே இல்ல. சாமி சத்தியமா."

தெருமுனையில் பார்த்தவர்கள் எல்லாம் அவள் செத்துவிட்டாள் என்று தெரிந்து பார்த்தார்கள். அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் இது தோன்றியது.

அவர் அழித்ததால் எதுவும் நிற்கவில்லை. மறுநாளே இன்னொரு பக்கத்தில் வேறு பெயரில் அக்கா இருந்தாள். அதில் அவள் டீச்சர். இன்னொன்றில் கணவனை இழந்தவள், ஒரு குழந்தை உண்டு. படம் ஒன்றே. எல்லாவற்றின் கீழும் ஹாய்.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். இருந்தாலும் போனில் புகார் கொடுக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உள்ளே போனால், இந்தப் படத்தில் இருப்பது யார் என்று கேட்டது. நானா, என் குழந்தையா, எனக்குத் தெரிந்தவரா? தெரிந்தவர் என்று அமுக்கினேன். அப்படியென்றால் அவரே வந்து புகார் கொடுக்க வேண்டும், அவருக்குத் தகவல் அனுப்பலாமா என்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அடுத்த முறை "நான்" என்று அமுக்கினேன். ஜாடை ஒன்றுதானே, முகத்தைக் காட்டச் சொன்னால் காட்டிவிடலாம் என்று பார்த்தேன். ஒரு பதில் வந்தது. பரிசீலித்தோம், எங்கள் விதிகளை மீறவில்லை என்று. படம் அப்படியே இருந்தது. மிஷின்காரியும் கடையில் இருந்த மற்றவர்களும் ஆளாளுக்குப் புகார் அமுக்கினார்கள். எல்லோருக்கும் அதே பதில் வந்தது.

மாமாவிடம் சொன்னேன். முதலில் மாமா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உடு கண்ணு. கெட்டதா ஒண்ணும் போடலியே. கல்யாணம்தானே கேட்டுக்கீறான்?"

"கமெண்டப் படிச்சுப் பாரு மாமா."

மாமா படித்தார். உதடு அசைய, எழுத்துக் கூட்டி. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்.

"அவன் அட்ரஸ் குடு. கைய ஒடைக்கறேன்."

"அட்ரஸ்லாம் கெடையாது மாமா."

"கெடையாதுன்னா? எங்கனா ஒரு ஊர்ல குந்திக்கினுதானே போடறான்? காத்துலயா குந்திக்கினு கீறான்?"

மாமாதான் என்னைப் போலீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இணையப் புகாரைப் பார்க்கிற மேடம் கத்தவெல்லாம் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பாவம், சின்னப் பொண்ணு. கல்யாணமெல்லாம் சும்மா, லைக்கும் கமெண்டும் சேர்க்கத்தான் இந்தப் பக்கங்களை நடத்தறாங்க. செத்தவங்க சார்பா அம்மா வந்து குடுத்தா நல்லாருக்கும்மா. அம்மா இருக்காங்கல்ல?"

"இருக்காங்க மேடம். அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாமயே முடிச்சுடலாம்னு பாக்கறியா?"

"ஆமா மேடம்."

பேனாவை மூடினார். "நான் உன்கிட்டயே எழுதி வாங்கிக்கறேன். ஆனா லேட் ஆகும். அதுக்குள்ள ஒண்ணு செய்யி. இந்தப் படத்தை யார் தயாரிச்சாங்களோ, அவங்க 'இது என் வேலை, என்னைக் கேக்காம எடுத்துட்டாங்க'ன்னு புகார் குடுக்கச் சொல்லு. அதைச் சீக்கிரம் பார்ப்பாங்க."

வெளியே வந்ததும் மாமா, "அது இன்னா கணக்கு? மொகம் நம்ம புள்ளது. பொடவைக்காரனுக்குத்தான் கேக்க உரிமையா?" என்றார். எனக்கும் அதுதான் புரியவில்லை. அக்காவின் முகத்துக்காக யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவள் கட்டாத புடவைக்காகச் செய்வார்கள் என்றால் செய்யட்டும்.

பேனர் கடைக்காரர் மறுக்கவில்லை. கடையை மூடுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார். நான் பக்கங்களைத் தேடிக் காட்டுவேன். அவர் இங்கிலீஷில் அடிப்பார். அந்தப் படத்தை அவர் செய்த மூல ஃபைல் அவரிடம் இருந்தது. அதையும் சேர்த்து அனுப்பினார். வேலை முடிந்து ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, ரயில் மாறி மாறி வந்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அவர் டீ வாங்கி வைப்பார்.

வீட்டில் வேறு வேலை இருந்தது. அம்மா மயிலாப்பூரில் நாலைந்து ஃப்ளாட்டில் பாத்திரம் தேய்க்கிறது. படிக்கத் தெரியாது. ஆனால் சாயங்காலம் வந்ததும் காலை நீட்டிக்கொண்டு போனில் கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும். கோலம், சமையல், சண்டை போடுகிற மாமியார் மருமகள். அந்த விரல் தள்ளுகிற ஒவ்வொரு தடவையும் நான் எட்டிப் பார்ப்பேன். கடைசியில் ஒரு நாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது அதன் போனில் நெட்டை அணைத்துவிட்டேன்.

"இன்னாடி, சுத்திக்கினே கீது?"

"டவர் இல்லம்மா. நம்ம ஏரியாவுக்கே இல்ல."

"பக்கத்து வூட்டுல பாட்டு கேக்குதே?"

"அது வேற கம்பெனி."

அம்மா நம்பிவிட்டது. பட்டன் அமுக்கினால் சரியாகிவிடும் என்று அதற்குத் தெரியாது.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது அம்மா எனக்கு முன்னாலேயே வீட்டில் இருந்தது. விளக்குப் போடாமல், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தது.

"மூணாவது மாடியில புச்சா ஒரு மாமி குடி வந்துக்கீறாங்க இல்ல," என்றது. திரும்பவில்லை. "என் போன்ல அவ படத்தப் பாத்துட்டு, 'ஏன்டியம்மா, ஒம்பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கியா? சொல்லவேயில்லையே, போன்ல வந்துதே'ன்றாங்க."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ இன்னா சொன்ன?"

"அவ இல்லியேம்மான்னேன். பாவம் அந்த மாமி. எனுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு அவங்க அழுதாங்க." குழாயை மூடியது. "உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் டவர் இல்லியா?"

அம்மா திட்டும் என்று பார்த்தேன். திட்டவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது.

"எடு. இன்னா எய்திக்கீறாங்கன்னு படி."

"வேணாம்மா."

"நானும் தெரிஞ்சுக்கறேன். படி."

படித்தேன். ஹாய். ஹாய். அழகு. நான் ரெடி. சூப்பர் சிஸ்டர், ஆல் தி பெஸ்ட். ஹாய். "எனக்கு வயது 45. மனைவி இல்லை. சொந்த வீடு உள்ளது. கடைசிவரை கண்கலங்காமல் வைத்துக்கொள்வேன்."

"சொந்த வூடா?" என்றது அம்மா. "எங்கயாம்?"

"போடலம்மா."

"ஊர் பேரு போடாம இன்னா சொந்த வூடு. அடுத்தவன் இன்னா சொல்றான்?"

"துபாய்ல டிரைவராம். ஆறு மாசத்துல வர்றானாம்."

"அவ்ளோ தூரம்லாம் அனுப்ப மாட்டேன் எம்பொண்ண."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தது. அக்கா போனபிறகு அது சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தோம். வாசலில் போன ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த கமெண்டில் நான் நிறுத்திவிட்டேன். அதை வாயால் சொல்ல முடியாது.

"இன்னா நிறுத்திட்ட?"

"அவ்ளோதாம்மா. முடிஞ்சிடுச்சு."

அம்மா போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கீழே எழுத்து எழுத்தாகப் போய்க்கொண்டே இருப்பது அதற்கும் தெரியும். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அம்மாவே என்னோடு வந்து அந்த மேடத்திடம் கைநாட்டு வைத்தது.

பட்டுப் புடவைப் படங்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. பேனர் கடைக்காரரின் புகார்தான் முதலில் வேலை செய்தது. ஒன்று போகும், இரண்டு வரும், அவையும் போகும். அலுத்துப்போய் இனிமேல் தேட வேண்டாம் என்று நினைத்திருந்தபோதுதான் கடைசியாக ஒன்று வந்தது. இதில் பட்டுப் புடவை இல்லை. கடைக்காரர் போட்ட படத்தின் இடது பாதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். நைட்டி, துண்டு, ஈரத் தலை. மேலே, "கல்யாணத்துக்கு மறுநாள் காலை" என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். "இதைப் பார்த்தா மாப்பிள்ளை ஓடிருவான்" என்று ஒருவன்.

மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அந்தப் பட்டுப் புடவைக்காரி பாதி வேறு யாரோ. இது முழுக்க என் அக்கா. தண்ணீர் வந்த ஒரு காலையில் குடத்தைப் படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றாள். நான் கூப்பிட்டேன், திரும்பினாள், எடுத்துவிட்டேன். "அடியேய், எங்கயும் போட்றாத, பேய் மாதிரி கீறேன்" என்று துண்டை என் மேல் வீசினாள். நான் எங்கும் போடவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து அதைக் காட்டினேன். கடைக்காரர் அதைத் தன் ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இது என் வேலை இல்லியேம்மா. இதுல நான் ஒண்ணுமே பண்ணல. பொய் சொன்னா மத்த புகாரும் போய்டும். இத்த எடுத்தவங்கதான் கேக்கணும். யாரு எடுத்தது?"

"நான்தாணா."

"உன் போன்லயா? இன்னும் கீதா?"

"கீது."

"அப்ப நீ குடு. தங்கச்சின்னு குடுத்தா கேக்க மாட்டான். எடுத்தவ நான்னு குடு."

கீபோர்டை என் பக்கம் தள்ளினார். எனக்கு அடிக்கத் தெரியாது என்றேன். அவர் இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். இது நான் எடுத்த படம். என் அனுமதி இல்லாமல் போட்டிருக்கிறார்கள். அக்கா என்ற வார்த்தை அதில் எங்கேயும் வரவில்லை. செத்துவிட்டாள் என்றும் வரவில்லை. அதைச் சொல்லத் தேவையில்லையாம்.

சில நாள் கழித்துக் காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. நீக்கிவிட்டோம் என்ற ஒரு சொல் எனக்கு இங்கிலீஷில் படிக்க வந்தது. போய்த் தேடிப் பார்த்தேன். இல்லை. பட்டும் இல்லை, நைட்டியும் இல்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். இரவெல்லாம் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்த மாதிரிதான் இருந்தது.

"எல்லாம் போய்டுச்சும்மா."

அம்மா சோறு கட்டிக்கொண்டிருந்தது. "சத்தியமா?"

"சத்தியமா."

"அந்த மாப்ளைங்கல்லாம் எங்க போனாங்க?"

நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதன்முதலில் அக்காவைப் போட்ட பக்கம் திறந்திருந்தது. அங்கே இப்போது வேறு ஒரு பெண். சிவப்புச் சுடிதார், ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு, பின்னால் யார் வீட்டு மாடியோ. ஏழைக் குடும்பத்துப் பெண். அப்பா இல்லை. கமெண்டில் ஹாய் சொல்லவும். நாற்பத்தைந்து வயதுக்காரர் இங்கேயும் வந்து சொந்த வீடு உள்ளது என்று சொல்லியிருந்தார்.

அம்மாவுக்குக் காட்டினேன். டப்பாவை மூடாமல் பார்த்தது.

"இது யாரு வூட்டுப் பொண்ணு?"

"தெரியலம்மா."

"உயிரோட கீதா?"

"அதுவும் தெரியல."

"அதோட அம்மாவுக்குத் தெரியுமா?"

எனக்கு என்ன தெரியும்? புகாரை அமுக்கினேன். யார் இது என்று கேட்டது. அவள் நானும் இல்லை, எனக்குத் தெரிந்தவளும் இல்லை, அவளை நான் படம் எடுக்கவும் இல்லை. வெளியே வந்து கமெண்டில் எழுதினேன்: "இந்தப் பொண்ணைத் தெரிஞ்சவங்க அவங்க வீட்டுல சொல்லுங்க. இது பொய்யான பக்கம்."

அம்மா டப்பாவைப் பையில் வைப்பதற்குள் யாரோ பதில் போட்டிருந்தான். "உனக்கு என்ன பொறாமை சிஸ்டர்?"

அதற்குக் கீழே இரண்டு பேர் சிரித்திருந்தார்கள். நான் எழுதியதை அழிக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கினேன்.